உடம்பில் ஒட்டாத சோறு

வணக்கம் நேயர்களே.

ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். பிள்ளைகள் வாயில் 'சத்துணவு டீச்சர்'. ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

மலைப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச வரச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பாட்டி. அவருடைய பேரன் அப்போது மூன்றாம் வகுப்பு. தட்டு நிறையச் சோறு வாங்குவான், வழித்துச் சாப்பிடுவான், மறுபடியும் தட்டோடு வந்து நிற்பான். ஆனால் கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கும். பாட்டி ஒருநாள் புளி மூட்டையோடு சந்தைக்குப் போகிற வழியில் சமையல்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் திங்கிறான் டீச்சர், உடம்புல ஒட்ட மாட்டேங்குதே" என்றார். சோறு குறைவாகப் போடுகிறேன் என்று சொல்கிறாரோ என எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பள்ளிக்கு வந்தபோது அவனைக் காட்டினேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. நாக்கும் அப்படியே. அப்புறம் காலைப் பார்த்தார். வெறுங்கால். மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வந்த பதில், கொக்கிப்புழு.

புழு என்றால் மிட்டாய் தின்றால் வருவது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். கொக்கிப்புழு வருவது பெரும்பாலும் கால் வழியாக. வெளிக்குப் போகிற இடத்து ஈர மண்ணில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. பிள்ளை சாப்பிட்டு ஊறிய ரத்தம் அதற்குத்தான் போகிறது. பாட்டி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

அன்றிலிருந்து, தட்டில் விழுந்த சோறு உடம்பில் சேர்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான் என்று எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை கிலோ அரிசி இறங்கியது, எத்தனை முட்டை என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அரசாங்கம் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கிறது. எங்கள் ஊரில் என்ன நடக்கும் தெரியுமா? மூன்று கிலோமீட்டர் பாதையிலும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். பள்ளி வாசலில்தான் காலில் மாட்டுவார்கள். தேய்ந்துவிடுமாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புதுச் செருப்பைச் சேற்றில் மிதிக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? ஆனால் புழு இருப்பது அந்தப் பாதையில்தான், பள்ளித் திண்ணையில் இல்லை.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் வந்தது. பிப்ரவரி 10-ஆம் தேதியும், பிறகு ஆகஸ்டிலும், அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. மென்று தின்ன வேண்டும். பிள்ளைகள் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிடுவார்கள். நான் 'ஆ காட்டு' என்று வாயைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவேன். புழு நிறைய இருக்கிற பிள்ளைக்கு அன்று லேசாக வயிறு வலிக்கும், குமட்டும். உள்ளே புழு சாவதால் வருவது அது, சீக்கிரம் தணிந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த முறை அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அன்று வர முடியாமல் போனால், ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்கு மறுபடியும் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மாத்திரை வயிற்றுக்குள் இருக்கும் புழுவைத்தான் கொல்லும், மண்ணில் இருப்பதை ஒன்றும் செய்யாது. கழிப்பறை கட்டி, அதில் தண்ணீர் வராமல் பூட்டிக் கிடந்தால், அடுத்த ஆறு மாதத்தில் திரும்பவும் அதே புழு. எங்கள் பள்ளியில் கோடை மூன்று மாதமும் கழிப்பறைக்குத் தண்ணீர் இருக்காது. எத்தனையோ மனு எழுதிக் கொடுத்தோம்.

சரி, ரத்தத்துக்கு வருகிறேன். என் காலத்தில் பிள்ளைகள் பல்பம் தின்பார்கள். சிலேட்டுக் குச்சி, சாக்பீஸ், அடுப்புக் கரி, செம்மண். மூட்டையிலிருந்து பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். கெட்ட பழக்கம் என்று நாம் கையில் அடிப்போம். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படிக் கண்டதையும் தின்னத் தோன்றும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, அடித்த கை எனக்குக் கூசியது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அந்தப் பிள்ளைகள்தான் நம்மிடம் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள்.

இதற்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, பத்து வயதுக்கு மேல் நீலம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். மலையில் இன்னொரு சிக்கல், டீ. விடிந்ததும் டீ, பள்ளி விட்டதும் டீ. கைக்குழந்தைக்கும் ஒரு வாய் கொடுப்பார்கள். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. மாத்திரை போட்ட பிள்ளைக்கு மேலே டீ கொடுத்தால் மாத்திரை வீண். அதே நேரத்தில் ஒரு நெல்லிக்காயோ, கொய்யாவோ, சாப்பாட்டில் பிழிந்த எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். நெல்லி எங்கள் மலையில் காட்டிலேயே காய்க்கிறது. நான் உப்பில் ஊறப்போட்ட நெல்லிக்காய் ஒரு ஜாடி வைத்திருப்பேன். மாத்திரை நாளன்று ஆளுக்கு ஒன்று. நெல்லிக்காய்க்காகவே மாத்திரைக்கு வரிசையில் நின்றார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா ரத்தசோகையும் இரும்பு குறைந்து வருவதில்லை. நீலகிரி போன்ற பழங்குடிப் பகுதிகளில், ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் ரத்தசோகை பிறவியிலேயே வருகிறது. அடிக்கடி மூட்டு வலி, காய்ச்சல், மஞ்சள் கண் என்று படுத்துக்கொள்ளும் பிள்ளையை மாத்திரையோடு விடாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

இனி என் சொந்த இடத்துக்கு, சமையல்கூடத்துக்கு வருகிறேன். காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவை, 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. அது படிப்படியாக ஏறி, இப்போது பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. முட்டை இல்லாத காலத்தில் பசங்களைக் கூப்பிட ஊருக்குள் நடப்போம். முட்டை வந்த பிறகு அவர்களே எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். அதுவும் மலையில் பல வீடுகளில் வாரக்கணக்கில் கண்ணில் படாத தரத்துப் புரதம்.

ஆனால் நாமக்கல் பக்கத்துப் பண்ணையிலிருந்து கிளம்பும் முட்டை, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து தலைச்சுமையாக எங்களிடம் வந்து சேரும். உடைந்தது போக மிச்சத்தையும் நம்பிப் போட முடியாது. வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். படுத்துக்கொண்டால் நல்லது, மிதந்தால் கெட்டது. ஒரு மழைக்காலத்தில் வந்ததில் பாதிக்கு மேல் மிதந்தன. எழுதி அனுப்பினேன். "எண்ணிக்கை சரியாக இருக்கிறதல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அன்று பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலையை வேகவைத்துக் கொடுத்தோம். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

செறிவூட்டப்பட்ட அரிசி பற்றியும் சொல்ல வேண்டும். இது நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. அரிசி மாவில் இரும்பும், ஃபோலிக் அமிலமும், பி12 வைட்டமினும் கலந்து அரிசி போலவே அச்சில் பிழிந்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று சேர்த்தார்கள். கழுவும்போது சில மணிகள் மேலே மிதக்கும். நிறமும் கொஞ்சம் மாறி இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று ஊரெல்லாம் பேச்சு. சமையல் ஆயா ஒருவர் அதைப் பொறுக்கி எடுத்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மேல் இருக்கிற பாசத்தில் செய்தார், பாவம். அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். சத்து முழுவதும் அந்த ஒரு கிலோவில்தானே இருக்கிறது! அதைக் கொட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் அரிசி. திட்டம் போடுகிறவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம் போடுவதோடு நிறுத்தாமல், கரண்டி பிடிக்கிறவரிடம் வந்து சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை சோறு மிஞ்சாது, வெள்ளிக்கிழமை மிஞ்சும். இதைப் பார்த்துப் பழகிய எங்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். சனி, ஞாயிறு வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை திங்கட்கிழமைப் பானை சொல்லிவிடும். அதனால் காலை உணவுத் திட்டம் வந்தபோது நான் உண்மையிலேயே கண் கலங்கினேன். 2022 செப்டம்பர் 15-இல் முதல் கட்டமாக 1,545 பள்ளிகளில் தொடங்கியதில் 237 பள்ளிகள் மலைப்பகுதிப் பள்ளிகள், 10,161 பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. விடியற்காலையில் எழுந்து ஆட்டை அவிழ்த்துவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிற பிள்ளைக்கு, முதல் பாடவேளையில் கரும்பலகை எப்படித் தெரியும்? முன்பெல்லாம் பத்தரை மணிக்கே தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. எங்கள் மலை சாமைக்குப் பெயர் போனது. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த ஊர். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். வெள்ளை அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ரேஷன் அரிசி வந்த பிறகு சாமையை விற்றுவிட்டு அரிசி தின்கிறோம். பசி தீர்ந்தது, அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வயலில் விளைகிற சாமையையும் கேழ்வரகையும் வாரம் இரண்டு நாள் பள்ளி அடுப்பில் ஏற்றினால், விளைவித்தவருக்கும் காசு, அவர் பிள்ளைக்கும் சத்து. அரிசியை அடிவாரத்திலிருந்து சுமந்து ஏற்றும் கூலியும் மிச்சம்.

அப்புறம், ஒவ்வொரு பள்ளியிலும் எடை பார்க்கும் கருவி ஒன்று மூலையில் கிடக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது உயரமும் எடையும் உண்மையாக அளந்து எழுதுங்கள். போன வருட எண்ணைப் பார்த்து ஒரு கிலோ கூட்டி எழுதுகிற பழக்கம் வேண்டாம். ஆறு மாதத்தில் எடை ஏறாத பிள்ளை எது என்று அந்தப் பதிவேட்டுப் பக்கம் காட்டும். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யாராவது ஒருவர் போக வேண்டும். அப்பா அம்மா கேரளத்துக்கோ ஆந்திராவுக்கோ கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளை தாத்தாவோடு இருக்கும். இது எந்த மாத்திரையிலும் தீராது.

நான் முதலில் சொன்ன பையனுக்கு மருந்து கொடுத்து, இரும்புச்சத்து டானிக் கொடுத்து, நாலைந்து மாதத்தில் கன்னம் உப்பியது. பாட்டி எனக்கு ஒரு படி சாமை கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அவனுடைய மகள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பார்த்தேன், புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வாங்கி, காலில் மாட்டிவிட்டு அனுப்பினேன்.

வணக்கம்.