தியேட்டரில் ஓடாத படம், வீட்டில் ஓயாத படம்

[திரையில்: ஏ9 வீதி, கரடிப்போக்குச் சந்தி, பின்னேர வெளிச்சம். ஜெனரேட்டர் சத்தம் மெல்ல எழுகிறது.]

ஒரு படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. ஞாயிறு இரவுக்குள் வெற்றியா தோல்வியா என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பைப் பத்து வருடம் கழித்துச் சனம் மாற்றி எழுதினால், கல்ட் படம் என்கிறோம். விமர்சகர்கள் இதை ஒரு பெரிய புதிர் போலக் கதைப்பார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இதில் புதிர் எதுவும் தெரிவதில்லை. அந்த வெள்ளிக்கிழமையே எங்களிடம் வந்ததில்லையே!

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. வடக்குக்கு வந்த மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைப் பொருட்கள் ஆகின. அதற்குப் பிறகு படம் பார்ப்பதென்றால் ஒரு ரீவி, கசெட் போட ஒரு டெக், ஒரு ஜெனரேட்டர், அதற்கு எண்ணெய், நாலு வீட்டுக் காசு எல்லாம் சேர வேண்டும். கலியாண வீடு, சாமத்திய வீடு என்றால் விடிய விடிய மூன்று நாலு படம். சென்னையில் அந்தப் படம் நூறு நாள் ஓடியதா, நாலே நாளில் பெட்டிக்குள் போனதா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பிடித்தால் அதே கசெட் அடுத்த வீட்டுக்குப் போகும். பிடிக்காவிட்டால் இருட்டுக்குள் இருந்து "கசெட்டை மாத்து" என்று ஒரு குரல் வரும். எங்கள் விமர்சனம் அவ்வளவுதான்.

அண்மையில் சில படங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். சிரிப்புப் படம், சாகசப் படம், கல்ட் என்று பெயரெடுத்த படம், எல்லாம் கலந்து. என் எண்ணங்களைச் சொல்கிறேன். சிலதில் நீங்கள் கோபிப்பீர்கள், சரி, பரவாயில்லை.

[திரையில்: வீடியோ கசெட்டுகள் அடுக்கிய ஒரு மரத் தட்டு]

மின்சாரம் போன அதே 1990இல் தீபாவளிக்கு வந்த படம் மைக்கேல் மதன காமராஜன். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமலுக்கு நாலு வேடம், வசனம் கிரேசி மோகன். தியேட்டரிலும் நன்றாக ஓடிய படம்தான், ஆனால் இதன் உண்மையான வாழ்க்கை கசெட்டில்தான் தொடங்கியது என்பேன். முதல் தடவை பார்க்கிறவருக்குப் பாதிப் பகிடி காதில் விழாது. ஒன்றுக்குச் சிரித்து முடிக்குமுன் அடுத்தது கடந்துபோய்விடும். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் தவறவிட்டதெல்லாம் கிடைக்கும். மூன்றாம் தடவை, வசனம் வருமுன்பே சிரிப்போம். கலியாண வீட்டுச் சாம்பாருக்குள் மீன் விழும் காட்சியில் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வயிறு நோகச் சிரிக்கிறோம்? அடுத்து நடக்கப்போவதைத் தெரிந்து வைத்திருப்பதே அந்தக் காட்சியின் ருசி என்பதால்.

கடைசியில் மலை விளிம்பில் ஒரு வீடு சாய்ந்து சாய்ந்து ஆடுமே, அந்த யோசனை சாப்ளினின் 'த கோல்ட் ரஷ்' என்ற 1925ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வந்தது. அங்கே இரண்டு பேர் ஆடிய ஆட்டத்தை இங்கே ஒரு ஊரே ஆடுகிறது. குறை சொல்வதென்றால், பணக்கார மதன் வரும் பகுதிகள் கொஞ்சம் இழுவை. சமையல்காரக் காமேஸ்வரன் வந்தால்தான் படம் மூச்சு விடுகிறது.

[திரையில்: நள்ளிரவுக் காட்சிக்கு நிற்கும் கூட்டத்தின் வரைபடம்]

'த ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்ட் என்ற பேச்சு எடுத்தால் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர். 1975இல் வந்து தோற்றது. அடுத்த வருடம் நியூயோர்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போடத் தொடங்கினார்கள். பாத்திரங்களைப் போல உடுத்துக்கொண்டு வந்த சனம் திரைக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது, அரிசி எறிந்தது, பாட்டுக்கு எழும்பி ஆடியது. நான் அதைத் தனியே ஃபோனில் பார்த்தேன். பாட்டு அருமை, கதை நட்டாற்றில் நிற்கிறது. பாதியில் கண் அயர்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரைப் படம் திரையில் இருக்கிறது, மிச்ச அரைப் படம் கதிரையில் இருக்கிற சனம். சனத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

எங்கள் டெக் இரவுகளும் அப்படித்தான். வில்லன் வாய் திறக்குமுன் பின்னால் குந்தியிருக்கும் பெடியள் வசனத்தைச் சொல்லி முடித்திருப்பார்கள். கதாநாயகி அழும் இடத்தில் ஜெனரேட்டர் நின்றால், வெளிச்சம் வரும்வரை ஒருவர் அந்த அழுகையைத் தொடர்வார். நியூயோர்க்காரர் ரிக்கற் வாங்கிச் செய்ததை நாங்கள் பாயில் இருந்து செய்தோம்.

[திரையில்: கண்டிப் பக்கத்து மலைகள், ஒரு பள்ளத்தாக்கு]

சாகசப் படத்துக்கு வருவோம். 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்', 1984, ஸ்பீல்பெர்க். கதை நடப்பது 1935இன் இந்தியாவில். ஆனால் திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசு மாற்றம் கேட்க, படக்குழு கண்டிக்கு வந்துவிட்டது. படப்பிடிப்பு தொடங்கியது 1983 ஏப்ரலில். அந்த யூலையில் நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தப் படத்தை அமெரிக்காவில் பார்க்கிறவருக்குக் கிடைக்காத ஒரு சிரிப்பு இலங்கையில் பார்க்கிறவருக்குக் கிடைக்கும். விமானம் விழுந்து ஜோன்ஸ் வந்து சேரும் அந்த 'இந்திய' கிராமத்தில் பெரியவர் வாய் திறந்தால் வருவது சிங்களம்! நடித்தவர் டி. ஆர். நாணயக்கார, சிங்களத் திரையில் பெயர் பெற்ற கலைஞர். உலகம் முழுக்க அதை ஏதோ இந்திய மொழி என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் "அட, இவர் எங்கட நாட்டு ஆள்" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வோம். கயிற்றுப் பாலத்தை வெட்டும் காட்சி விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் எடுத்தது. அணை கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களே பாலம் கட்டவும் உதவினார்களாம். இன்று பார்த்தாலும் அந்தக் காட்சியில் கால் கூசும், கணினி வேலை இல்லாமல் உண்மையான உயரத்தில் உண்மையான கயிறு தொங்குவதால்.

அரண்மனைச் சாப்பாட்டுக் காட்சியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. குரங்கு மூளை, கண் மிதக்கும் சூப், பாம்புக்குள் பாம்பு. இந்துக்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று ஒரு தலைமுறை வெள்ளைக்காரப் பிள்ளைகள் நம்பியிருக்கும். காளி வழிபாட்டை நரபலிக் கூத்தாக்கியதும் அதே சோம்பேறித்தனம்தான். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒரு தடவை வந்து நின்றிருந்தால் திரைக்கதையைத் திருத்தியிருப்பார்களோ என்னவோ. நரபலிப் பூசாரியாக வரும் அம்ரிஷ் பூரியின் முழிப்பை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மனிதர் பயமுறுத்தத் தெரிந்தவர்.

'ஆரண்ய காண்டம்' பற்றிச் சுருக்கமாக. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம், 2011. தணிக்கைக் குழு 52 இடத்தில் வெட்டுக் கேட்டது, பிறகு தேசிய விருது கிடைத்தது, தியேட்டரில் சனம் வரவில்லை. படம் பிரமாதம். ஆனால் வாயைத் திறந்தால் தூஷணம். நடு வீட்டில் போட்டால் அப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். இது காதில் இயர்ஃபோன் மாட்டிப் பார்க்கும் காலத்துக் கல்ட். கூட்டமாகப் பார்க்க வழியில்லாத படத்தை நான் மதிப்பேன், கொண்டாட மாட்டேன்.

[திரையில்: கறுப்பு. எழுத்து மட்டும்: 2010 பொங்கல்]

இப்போது, நான் அதிக நேரம் நிற்கப்போகும் படம். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'.

வெளியானது 2010 ஜனவரி, பொங்கலுக்கு. அந்த நேரம் வன்னிச் சனத்தில் கனபேர் எங்கே இருந்தார்கள்? செட்டிகுளம் மெனிக் ஃபாம் அகதி முகாமில், கூடாரத்துக்குள். வெளியே போய்வர அனுமதி கிடைத்ததே அதற்கு முந்தின மாதம்தான். அங்கே கார்த்தியின் படம் ஓடுகிறதா என்று யார் விசாரித்தது? தமிழ்நாட்டில் விமர்சனங்கள் இரண்டாகப் பிரிந்தன, பலருக்குக் கதை விளங்கவில்லை, படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. பட்ஜெட் உண்மையில் 18 கோடி, பெரிய படமாகக் காட்ட 32 கோடி என்று அறிவித்தோம், என்ன முட்டாள்தனம் என்று இயக்குநரே 2021இல் ட்விட்டரில் நொந்துகொண்டார்.

கதை இதுதான். சோழர் வீழ்ச்சியில், 1279இல், கடைசி இளவரசன் சனத்தோடு கடல் கடந்து ஒளித்துவைக்கப்படுகிறான். இன்றைய காலத்தில் ஒரு தொல்லியலாளர் அவர்களைத் தேடிப்போய்க் காணாமல் போகிறார். அவரைத் தேடி இரண்டு பெண்களும், கூலியாட்களின் தலைவன் முத்துவாக வரும் கார்த்தியும் வியட்நாம் பக்கத்துத் தீவு ஒன்றுக்குப் போகிறார்கள். முன்பாதி முழுக்கப் பொறிகள். பாம்புக் கூட்டம் வரும் இடத்தில் கிராஃபிக்ஸ் பல்லைக் காட்டுகிறது. ஆனால் நடராசரின் நிழல் நிலத்தில் விழ, அந்த நிழலுக்குள் மட்டும் காலை வைத்து ஓட வேண்டும் என்ற காட்சி இருக்கிறதே, அப்படி ஒரு சாகச யோசனையைத் தமிழில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்களில் ஒருவராக வரும் ரீமா சென் கார்த்தியையே ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்.

பின்பாதியில்தான் படம் எங்கள் ஊருக்குள் வருகிறது. ஒளிந்திருக்கும் சோழச் சனம் பட்டினி. ஒரு தூதன் வருவான், தாயகம் திரும்புவோம் என்று அரசன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். பார்த்திபன் அந்த வேடத்தில் ஆடியிருக்கிறார். வந்த தூது பொய்யாகிறது. நவீன ஆயுதத்தோடு ஒரு படை இறங்குகிறது. பிடிபட்ட ஆண்கள், பெண்கள், பிறகு நடப்பவை. 2009 மேயில் எங்கள் போர் முடிந்து எட்டு மாதத்தில் இப்படி ஒரு முடிவைத் திரையில் பார்த்தவர்கள் அது ஈழத்தைப் பற்றியதா என்று அன்றே கேட்கத் தொடங்கினார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். அரசனின் வீழ்ச்சியில் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. சோற்றுக்கு ஏங்கி நிற்கும் அந்தக் கூட்டத்தின் முகங்கள்தான் ஒட்டின. எங்கள் ஒழுங்கையில் வயதானவர்கள் கடைசி அரை மணித்தியாலத்தைப் பார்ப்பதில்லை. அதற்குமுன் ரீவியை நிறுத்து என்பார்கள். 2009இல் கைக்குழந்தையாக இருந்த பெடியள் அந்த அரை மணித்தியாலத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் தேடுகிறார்கள். ஒரே வீட்டில் இரண்டும் நடக்கும்.

ஆனால் ஸ்பீல்பெர்க்கைத் திட்டிய வாயால் இதையும் திட்டத்தானே வேண்டும். தீவில் வரும் பழங்குடியினர் உடம்பில் சாயம் பூசிக் கத்திக்கொண்டு வரும் காட்டுமிராண்டிகளாகவே வந்து போகிறார்கள். பெட்டி சுமந்த கூலியாட்கள் வரிசையாகச் சாகிறார்கள், கதை திரும்பிப் பார்ப்பதில்லை. சனம் சாவதைப் பற்றி இவ்வளவு வலியோடு எடுத்த படம், முன்பாதியில் செத்தவர்களை எண்ணாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெடியளோடு இதை வைத்துச் சண்டை பிடித்தும் இருக்கிறேன். கல்ட் படத்துக்கு என் அளவுகோல் இந்தச் சண்டைதான். திரும்பப் பார்க்கவும் வேண்டும், பார்த்த பிறகு இரண்டு பேர் அடிபடவும் வேண்டும்.

[திரையில்: கடல், தூரத்தில் ஒரு மணல் திட்டு]

அந்த அளவுகோலை வைத்து 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைப் பார்ப்போம். 2025 மே 1, அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு இலங்கைப் பொருளாதார நெருக்கடியிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய், சென்னையில் ஒளித்து வாழும் கதை. நன்றாகச் சிரித்தேன். சின்ன மகனாக வரும் கமலேஷ் வாயைத் திறக்கும்போதெல்லாம் படம் நிமிர்கிறது. இலங்கைத் தமிழ்ப் பேச்சு இடைக்கிடை வழுக்கினாலும், காதைப் பொத்த வேண்டிய அளவுக்கு இல்லை.

ஆனால் அந்தக் கடல் பயணம் படத்தில் வெகு லேசாகக் கடந்துபோகிறது. 2022 மார்ச்சில் மன்னாரிலிருந்து போன குடும்பங்கள் சிலதைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்குக் கிட்ட மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். குழந்தைகளோடு கடல் நடுவே நின்றவர்களைத்தான் இந்தியக் கடலோரக் காவல் படை மீட்டது. சாகசம் அங்கே இருக்கிறது, படம் அதைத் தொடவில்லை. சென்னைக்குப் போனபின் தெரு முழுக்க நல்லவர்கள். பார்க்கும்போது மனம் குளிர்கிறது, முடிந்ததும் அடிபட ஒன்றும் மிஞ்சவில்லை. உடனே வென்ற படம், நியாயமாக வென்ற படம். கல்ட் ஆகாது என்பது என் பந்தயம்.

பந்தயம் கட்டுவதென்றால் 'தெனாலி'யில் கட்டுவேன். 2000இல் வந்தது. 'வாட் அபவுட் பாப்?' என்ற 1991ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தின் கதையை எடுத்து, எதற்கும் பயப்படும் ஒரு இலங்கைத் தமிழனாகக் கமலை வைத்த படம். பேச்சுக்கு எங்கள் வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் உதவினார். அவரும் படத்தில் வருகிறார். இன்றும் கலியாண வீட்டில் அதைப் போட்டால் அரை மணித்தியாலத்தில் கூட்டம் இரண்டாகும். எங்கள் பயத்தைப் பகிடி பண்ணிவிட்டான் என்று ஒரு பக்கம். பயந்தவன் சிரிக்கவும் தெரிந்தவன் என்று காட்டினான் என்று மற்றப் பக்கம். என் வோட்டு இரண்டாவது பக்கத்துக்கு. முதல் பக்கத்துக்காரர் கீழே வந்து ஏசலாம். அடுத்த வீடியோவில் 1976இல் இங்கேயே எடுத்த 'கோமாளிகள்' படம், நல்ல கொப்பி கையில் கிடைத்தால்.