பட்டதாரி கரி வெட்டப் போன கதை

(பட்டிமன்றத் தலைப்பு: நாட்டையும் மக்களையும் உயர்த்துவது கல்விச்சாலையா, தொழிற்சாலையா? தொழிற்சாலை அணியின் உரை)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் தென் கொரியாவைக் காட்டினார். "முதலில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், அதனால் உயர்ந்தார்கள்" என்றார். கைத்தட்டலும் வாங்கினார்.

முதல் பாதி உண்மைதான் ஐயா. ஜப்பானிடமிருந்து விடுதலை கிடைத்த கையோடு கொரியர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1960 வாக்கில் பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் ஒருவருடைய சராசரி வருமானம்? ஆண்டுக்கு 200 டாலரைக்கூடத் தொடவில்லை!

சரி, படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? 1963 முதல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1977 வரை ஏறக்குறைய 8,000 ஆண்கள். அவர்களில் கல்லூரி முடித்தவர்களும் உண்டு. 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் நர்ஸ் வேலைக்குப் போனார்கள். பேனா பிடித்த கை, பூமிக்கடியில் கரி வெட்டியது. படிப்பு இருந்தது நடுவர் அவர்களே, அந்தப் படிப்புக்கு ஊரில் வேலை இல்லை. எதிரணியினர் பெருமையோடு சொன்ன கேரளத்திலும் இதே கதைதான். எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாநிலத்தின் பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது.

கொரியா எப்போது நிமிர்ந்தது? தலைமுடியில் விக் செய்து விற்றார்கள். துணி தைத்து விற்றார்கள். 1973-ல் போஹாங் உருக்காலையில் இரும்பு உருகி ஓடியது. அப்புறம் கப்பல், அப்புறம் கார். சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிய அதே நாட்டின் ஹூண்டாய் நிறுவனம், 35 ஆண்டு கழித்து 1998-ல், நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்து வெளியே விட்டது!

தொழிற்சாலை மனிதனைப் பிழிகிறது என்றும் சொன்னார்கள். அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. சியோலில் பியோங்ஹ்வா சந்தையின் தையல்கூடங்களில் காற்றோட்டம்கூட இல்லாமல் சின்னப் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்காக 1970 நவம்பர் 13 அன்று ஜியோன் டே-இல் என்ற 22 வயதுத் தொழிலாளி தன்னையே எரித்துக்கொண்டார். அவர் கேட்டது என்ன? தையல்கூடத்தை மூடு என்றா கேட்டார்? "தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடி, நாங்கள் இயந்திரம் இல்லை" என்றார். சட்டம் ஏற்கெனவே இருந்தது, மதிக்கத்தான் ஆள் இல்லை. நம் பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கெடுத்ததும் அப்படித்தான். அந்தக் குற்றத்துக்கு முதலாளியைக் கூண்டில் ஏற்றுங்கள், கண்டும் காணாமல் இருந்த அதிகாரியை ஏற்றுங்கள், நானும் கூட வருகிறேன். தொழிலையே ஏற்றாதீர்கள்.

நான் செய்யாறு பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் கேரியர், ஈரம் காயாத தலையோடு நாற்பது பெண்கள் ஏறுவார்கள். முன்பெல்லாம் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு எங்கள் தெருவில் அடுத்த பேச்சே கல்யாணம்தான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் கம்பெனிக்குப் போனாள். முதல் மாதச் சம்பளம் அவள் பேரில் இருந்த கணக்கில் விழுந்தது. இரண்டாம் வருடம் வீட்டுக்குக் கழிப்பறை கட்டினாள். பி.எப். பிடிக்கிறார்கள், அம்மாவின் முழங்கால் வலிக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை பேச்சு எடுத்தால் இப்போது அவளைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவளும் ஒருத்தி.

எதிரணியினர் கல்வி, கல்வி என்கிறார்களே, அவளுடைய தங்கை இப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பீஸ் கட்டுவது அக்காவின் ஓ.டி. பணம். தீர்ப்புச் சொல்லும்போது அந்த ரசீதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.