மணி கேட்கும் நேரத்தில் தொடங்கும் மீட்டிங்

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. கொழும்பில் அறை எடுத்துத் தங்கத் தேவையில்லை, இரவு ரயிலில் ஊருக்கு வந்து திரும்பத் தேவையில்லை. நல்ல வாய்ப்புத்தான். ஆனால் இந்த வேலை எங்கள் பின்னேரங்களை விழுங்குவதைப் பற்றிக் கதைக்கத்தான் இன்றைக்கு வந்தேன்.

கணக்கைப் பாருங்கள். கோடையில் லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 1.30. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பியதும் அது 2.30 ஆகிவிடும். நியூயோர்க் என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேட்கிற நேரத்தில் முதல் மீட்டிங் தொடங்கும். பகலில் ஓய்வெடுக்கலாமே என்பீர்கள். வீட்டில் இருக்கிற பெண்ணைப் பகலில் யார் ஓய்வெடுக்க விடுவார்கள்? சமையல், பிள்ளையின் பள்ளிக்கூடம், கரண்ட் பில் எல்லாம் அவள் தலையில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுகிற வேலை. மூன்று கிழமையாக நான் இரவு ஒரு மணிக்கு முன் படுக்கவில்லை. சோதனைக்கு வைத்திருந்த தரவுத்தளத்தில் ஒரு அட்டவணையை அழிக்க வேண்டியிருந்தது. திரையில் கட்டளை எழுதுகிற இரண்டு கறுப்பு ஜன்னல்கள், ஒன்று சோதனைக்கு, மற்றது உண்மையான தரவுக்கு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. நான் கொடுத்த கட்டளை வாடிக்கையாளரின் உண்மையான தரவில் போய் விழுந்தது. எண்டரிலிருந்து விரலை எடுக்க முன்பே விளங்கிவிட்டது, அடிவயிறு குளிர்ந்துபோனது. முந்தின இரவு எடுத்த பிரதியை வைத்து விடிய விடிய மீட்டோம். அன்றைய பகல் பதிவுகள் போனது போனதுதான். காரணம் எழுதச் சொன்னபோது 'கவனக்குறைவு' என்று எழுதினேன். இன்றைக்கென்றால் 'நித்திரையில்லை' என்று எழுதுவேன்.

அதே நாட்களில்தான் ஒருநாள் என் அம்மா ஐந்து வயது மகனைச் சாப்பிடக் கூப்பிட்டா. "பொறுங்கோ அம்மம்மா, நான் மீட்டிங்ல இருக்கிறன்" என்றான். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் காதுகளில் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 வரை செய்கிறவர்களைவிட, பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021 இல் சொல்லியிருக்கின்றன. எங்கள் நாட்டிலும் 1954 இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்றுதான் எல்லை போட்டிருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக்கு நேரடியாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிற எங்களில் பலர் மணிக்கணக்கு வைப்பதே கிடையாது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் அதைத் தொடங்குங்கள். ஒரு கொப்பி போதும்.

அப்புறம், உங்களுக்கு ஒத்துவரும் நேரத்தைக் கொம்பனியிடம் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று நானும் பயந்தேன். என் நேரங்களை எழுதி அனுப்ப மூன்று நாள் எடுத்தது. பிற்பகல் 2 முதல் இரவு 8.30 வரை எல்லாக் கூட்டத்துக்கும் வருவேன், அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு விடிந்துதான் பதில், சேவர் வேலை செய்யாமல் நின்றால் மட்டும் அழையுங்கள் என்று எழுதினேன். மறுநாள் 'சரி' என்று ஒரு வரியில் பதில் வந்தது. தினசரி மீட்டிங்கில் பாதி இப்போது எழுத்தில் நடக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது என்பதும் தெரியும். அப்படியான இடத்தில் சேருமுன்பே, இரவில் வரும் அவசர அழைப்பை ஆளுக்கொரு கிழமையாக மாறி மாறி எடுக்க முறை வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் இடத்தில் அடுத்த கிழமை அந்த முறை என்னுடையது. குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் அந்த ஏழு நாட்களுக்கும் மகன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறான். எட்டாம் நாளில், டச் பே கடற்கரைக்குப் போக வேண்டும் என்று, ஒரு பட்டம் வரைந்திருக்கிறான்.

நன்றி, வணக்கம்.