கயிறு அறுந்த கதையும் கடைமடைக் கணக்கும்

(திருவாரூரில் புவியியல் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள ஒரு கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவி அது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் தொடங்கிய நில அளவை, நம் மண்ணுக்கு வந்ததும் திணறிப்போனது. ஏறி நின்று பார்க்க இங்கே குன்று ஏது? வயலைத் தாண்டினால் தோப்பு. தோப்பைத் தாண்டினால் மறுபடியும் வயல். கோயிலை விட்டால் அவருக்கு வேறு உயரமில்லை. பாதி வழியில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து அதைத் தட்டி நிமிர்த்தினார்.

கேட்பவர்கள் லாம்டனின் விடாமுயற்சியை மெச்சுவார்கள். எனக்கு வரும் சந்தேகம் வேறு. நசுங்கி நிமிர்ந்த கருவி காட்டிய கோணத்தை ஊர் எப்படி நம்பியது? கணக்கு ஏட்டில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் எடுத்துச் சோதிக்க முடிந்தது. லாம்டனுக்குப் பிறகு அந்த அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் தாம் முன்பு அளந்த பகுதியையே நல்ல கருவிகளோடு திரும்ப அளந்தார். தன் தவறைத் தானே தேடிப்போக ஒரு மனது வேண்டும். எல்லோருக்கும் அது வாய்க்காது; அதனால்தான் ஒருவர் தவறை இன்னொருவர் சுட்டிக்காட்டப் புவியியல் சங்கம் தேவைப்படுகிறது.

லண்டனில் 1830-இல் தோன்றிய அரச புவியியல் கழகத்தில் பெண்கள் தடையின்றி உறுப்பினராக 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையில் 1926-இல் தொடங்கிய புவியியல் சங்கம்தான் பின்னாளில் இந்தியப் புவியியல் கழகம் ஆனது. அதன் ஆய்விதழ் இன்றும் வருகிறது. பொன்னாடை, குத்துவிளக்கு, ஆண்டறிக்கை, வடை என்று முடிகிற சங்கங்கள் மீது எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. ஆனாலும் ஒரு சங்கக் கூட்டத்தில் பட்ட அடியை நான் மறக்கவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சில ஊர்களுக்கு வெள்ள வரைபடம் போட்டிருந்தேன். நீலக் கோடுகளெல்லாம் கச்சிதமாக இருந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தார். "ஐயா, நீங்கள் பாசன வாய்க்கால் என்று போட்டிருப்பது எங்களுக்கு வடிகால். ஐப்பசியில் வந்து பாருங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. போய்ப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்றபோது அவர் சொன்னது புரிந்தது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில், அதாவது மதகு வைத்து ஆற்றைப் பிரிக்கிற இடத்தில், மறுபடியும் பிரிந்து பாமணியாறும் கோரையாறும் கிளைக்கின்றன. இதுவரை படம் சரியாகச் சொல்லும். அதற்குக் கீழே, மேலூர் வயலில் வடிந்த நீரே கீழூருக்குப் பாசனம். குறுவைக்கு நீர் கொண்டுவருகிற வாய்க்காலே அடைமழையில் சம்பா வயலின் மிகுநீரைச் சுமக்கிறது. ஒரே கோடு, இரண்டு வேலை. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் கோடு தெரியும், வேலை தெரியாது. மதகு திறக்கிறவருக்குத் தெரியும், அந்த ஆசிரியைக்குத் தெரிந்தது. அவரைக் கூட்டத்துக்கு அழைத்து, எழுந்து பேச இடம் கொடுத்தது அந்தச் சங்கம் செய்த பெரிய காரியம். ஆய்விதழ், கலைச்சொல், வேலைவாய்ப்புச் செய்தி இவையெல்லாம் வேண்டியவைதான். அவற்றைச் செயலாளர் பேசுவார்.

இன்னொன்று. ஆண்டுதோறும் மாணவர்கள் கள ஆய்வு செய்து ஏடு கட்டித் தருகிறீர்கள். மதிப்பெண் போட்டதும் அது அலமாரிக்குப் போகிறது, பிறகு கரையானுக்கு. நாற்பது ஆண்டு ஏடுகள் ஓரிடத்தில் இருந்திருந்தால், எந்தத் திடல் எப்போது மனையானது, எந்த வாய்க்கால் எப்போது தூர்ந்தது என்று இன்று யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்தாலும் தள்ளிப்போனாலும் செய்தித்தாளில் வந்துவிடும். உங்கள் ஊர்க் கடைமடைக்கு, வாய்க்கால் முடிகிற கடைசி வயல்களுக்கு, தண்ணீர் வந்த நாளை யார் எழுதி வைக்கிறார்கள்? வாசல் மேசையில் நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரும் வாய்க்கால் பெயரும் எழுதிக்கொண்டு, ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.