திண்ணையில் விழுந்த சொடுக்கு வண்டு

வணக்கம் மக்களே. ராத்திரி ஒன்பதரை மணி, அணைக்கட்டுப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணை. மழை விட்டதிலிருந்து லைட்டைச் சுற்றி ஒரே பூச்சி. அதில் இவர் தொப்பென்று விழுந்தார்.

பழுப்பு நிறம், ஒடுங்கி நீண்ட உடம்பு. மல்லாக்கப் போடுகிறேன், காது கொடுங்கள்... டக்! கேட்டதா? காலை உதைக்கவே இல்லை. இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். தலைக்கு அடுத்த முன்மார்புக்கு அடியில் ஒரு சின்ன முளை, அதற்குப் பின்னால் ஒரு குழி. முதுகை வில்லாக வளைக்கும்போது முளை குழியின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். தசை இழுத்துக்கொண்டே இருக்கும். முளை வழுக்கி உள்ளே இறங்கியதும் உடம்பு எதிர்ப்பக்கம் மடங்கி எகிறும். ஐரோப்பாவில் ஓர் இனத்தை அளந்ததில் 30 செ.மீ. வரை எகிறியிருக்கிறது. நிமிர்ந்துதான் விழும் என்று உத்தரவாதம் கிடையாது. பாருங்கள், இவர் மறுபடி மல்லாக்க.

நான் சொடுக்கு வண்டு என்பேன். இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 இனம். இதன் புழுதான் கம்பிப்புழு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை உழும்போது மஞ்சளாக, விறைப்பாகப் பார்த்திருப்பீர்கள். விதையைக் குடைகிற இனமும் உண்டு, மற்ற புழுக்களைத் தின்கிற இனமும் உண்டு. அதனால் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள்.

சரி, இது எந்த இனம்? சொல்ல மாட்டேன். பழுப்பு வண்டெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பல சமயம் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும். எங்கெங்கே வாழ்கிறது என்பது அதைவிடச் சிக்கல். யாரோ பிடித்துச் சேகரித்து வைத்த ஒரு பழைய வண்டோடு இருக்கும் குறிப்புச் சீட்டில் வெறும் 'வட ஆற்காடு' என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 1911-க்கு முன்னால் பிடித்தது என்றால் சித்தூரும் அதில் சேர்த்தி. 1989 வரை திருவண்ணாமலையும் சேர்த்தி. 2019-இல் மிச்சத்தையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்தாகிவிட்டது. பாலாற்று மணலா, ஜவ்வாது மலைக் காடா? வரைபடத்தில் புள்ளியை எங்கே வைப்பது? புள்ளி இல்லாத இடத்தில் வண்டு இல்லை என்றும் சொல்ல முடியாது, அங்கே யாரும் லைட் போட்டு உட்காராமல் இருந்திருக்கலாம்.

அதனால் நான் சீட்டில் பென்சிலால் எழுதிவிட்டேன்: ஊர், தேதி, திண்ணை விளக்கு, மழைக்குப் பின். ஏலகிரி, அமிர்திப் பக்கத்து ஆட்களே, இந்த மாதிரி வண்டு கிடைத்தால் முதுகும் வயிறும் தெரிய இரண்டு போட்டோ எடுங்கள், ஊர்ப் பேரை மறக்காதீர்கள். அப்புறம், இவரை டப்பாவுக்குள்... டக்! ஐயோ, எங்கே போனார்? டார்ச் எங்கே?