விளக்கு எரிகிறது, ஹீட்டர் எரியவில்லை

நேயர்களுக்கு வணக்கம். நான் படித்துப் பட்டம் வாங்கிய எலக்ட்ரீஷியன் இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு வயரிங் போடும் கடையில் ஐந்து வருடம் கை கறுக்க வேலை பார்த்தவன். இப்போது டொராண்டோவில் 1994ஆம் வருட மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள வண்டி) ஒன்று வைத்திருக்கிறேன். ஓட்டியதைவிட அதன் அடியில் மல்லாக்கப் படுத்திருந்ததுதான் அதிகம் என்பாள் என் மனைவி.

இந்த வண்டியில் பேட்டரி இரண்டு வகை. ஒன்று இன்ஜினுக்கு: செல்ஃப் எடுக்க. இன்னொன்று வீட்டுப் பகுதிக்கு: விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டர் விசிறி. பிரிட்ஜ்கூட கேஸில் ஓடும்போது அதன் கன்ட்ரோல் போர்டுக்கு இந்த 12 வோல்ட் வேண்டும். ஒன்று போனால் மற்றதைக் குறை சொல்லாதீர்கள். நான் இன்று பேசப்போவது வீட்டுப் பேட்டரி பற்றி.

செப்டம்பர் கடைசி. மேப்பிள் இலை சிவக்கிற நேரம் என்று குடும்பத்தோடு அல்கான்குயின் பூங்காவுக்குப் போனோம். கரண்ட் வசதி இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினோம். ராத்திரி குளிர் இறங்கியது. ஹீட்டரைப் போட்டேன். விசிறி சுற்றுகிறது, நெருப்பு பிடிக்கவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தால், அடுப்பு நீலமாக ஜம்மென்று எரிகிறது. விளக்கும் பளிச்சென்று எரிகிறது. பிள்ளைகள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து வாசலில் வீட்டுக் கரண்டில் பிளக் போட்டால் ஹீட்டர் உடனே எரிந்தது. பிளக்கை எடுத்தால் எரியவில்லை. சரி, பேட்டரிதான் செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கி மாட்டினேன். அப்போதும் எரியவில்லை. நாமக்கல் முதலாளி பக்கத்தில் நின்றிருந்தால் ஸ்பேனராலேயே மண்டையில் தட்டியிருப்பார்.

விஷயம் இதுதான். இந்த ஹீட்டருக்குள் காற்றுப் பாதையில் சின்னத் தகடு வைத்த சுவிட்ச் ஒன்று இருக்கிறது. விசிறி முழு வேகத்தில் ஊதினால்தான் தகடு நகர்ந்து சுவிட்ச் சேரும். அது சேர்ந்த பிறகுதான் கேஸ் திறக்கும். வோல்ட் குறைந்தால் விசிறி சுற்றும், ஆனால் வேகம் போதாது. பழைய குண்டு பல்பாக இருந்தால் மங்கலாகி என்னிடம் காட்டிக்கொடுத்திருக்கும். நான்தான் மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றி வைத்திருந்தேனே! அது வோல்ட் குறைந்தாலும் சிரித்துக்கொண்டே எரியும்.

மறுநாள் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். எதுவும் ஓடாதபோது பேட்டரியில் 12.6. லெட் ஆசிட் பேட்டரிக்கு அது முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஹீட்டர் விசிறியைப் போட்டேன். பேட்டரியில் 12.4. ஹீட்டர் முனையில் 10.5. நடுவில் 1.9 வோல்ட்டை யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சங்கதி. விசிறியை நிறுத்திவிட்டு அளந்தால் ஹீட்டர் முனையிலும் 12.6தான் காட்டும். குழாய் அடைத்திருக்கிறதா என்பது திறந்துவிட்டால்தானே தெரியும்? மூடியிருக்கும்போது எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றுதான். அதனால் சோதிக்கும்போது ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விசிறி ஓட ஓட, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையைச் சுரண்டிய சேஸிஸ் இரும்பிலும் வைத்தேன். சேஸிஸ் என்றால் வண்டியின் அடிச்சட்டம்; கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான். 0.1-க்கு மேல் போகக் கூடாது. 1.5 காட்டியது.

எர்த்! லாரியில் ஆயிரம் தடவை பார்த்த அதே எர்த். மைனஸ் வயர் சேஸிஸில் சேரும் போல்ட், படிக்கட்டுக்குப் பின்னால். குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்புத் தண்ணீர் முப்பது வருடமாக அதில் தெறித்திருக்கிறது. வெளியே பார்த்தால் முறுக்கு அப்படியே இறுக்கமாக இருந்தது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் துரு, செதில் செதிலாக. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது வளையம் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஹீட்டர் முனையில் 12.0. தகடு டக்கென்று சேர்ந்தது, நெருப்பு பிடித்தது. பிளக் போட்டபோது மட்டும் ஏன் எரிந்தது என்று கேட்டால், பிளக் கரண்டை 12 வோல்ட்டாக்கித் தரும் சார்ஜர் பெட்டியின் மைனஸ் அந்தப் போல்ட் வழியாகப் போகவே இல்லை. நேரே பியூஸ் பலகையில் சேர்ந்திருந்தது.

அப்புறம் அந்தச் சார்ஜர் பெட்டி. பழைய வண்டிகளில் பல, பேட்டரி நிறைந்த பிறகும் அதே 13.8 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மாசக்கணக்கில் பிளக்கிலேயே விட்டால் பேட்டரித் தண்ணீர் வற்றி உள்ளே இருக்கும் ஈயத் தகடு வெளியே தெரியும். மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்கே வெடிக்கும். கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், கை மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் இந்த வண்டிகளின் 30 ஆம்பியர் பிளக், 120 வோல்ட்டுக்கானது. பார்க்கத் துணி உலர்த்தும் மெஷினின் 240 வோல்ட் பிளக் மாதிரியே இருக்கும். வீட்டில் அதற்குப் புது இணைப்பு போட வருகிறவரிடம், 120 வோல்ட் என்று வாய்விட்டுச் சொல்லி, மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். தவறினால் உள்ளே இருக்கும் மைக்ரோவேவிலிருந்து எல்லாம் புகையும்.

குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைப்போம். கேஸ் கசிவைக் காட்டும் கருவி அணையாது. அது 70 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) போய்விடும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு மாதத்தில் காலி. முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 40 டிகிரியிலும் உறையாத பேட்டரி, காலியானால் மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து, பெட்டி விரிசல் விடும். அதனால் அக்டோபர் முடிவதற்குள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில்தான் இப்போதும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுகிறேன்.

பழைய பேட்டரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புதியது வாங்கிய அன்றே கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு ஒரு குறையும் இருந்திருக்காது. வணக்கம்.