கைச்சண்டையா, வாய்ச்சண்டையா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் தோளைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, பழைய வண்ணாரப்பேட்டை ஜனங்களே, மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

லேட்டாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒட்டாத இரண்டு பேரைக் கோத்துவிடும் உளவாளிப் படத்தில் ரசிகனைப் பிடித்து உட்கார வைப்பது கைச்சண்டையா, வாய்ச்சண்டையா? போன சனிக்கிழமை ராத்திரி இதே இடத்தில் திரை கட்டி, 2002இல் வந்த ‘ஐ ஸ்பை’ படத்தைப் போட்டார்கள். அதை வைத்துத்தான் இந்த வம்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கைச்சண்டைதான் என்று முழங்கினார். நான் வாய்ச்சண்டைக் கட்சி. வண்ணாரப்பேட்டையில் பிறந்தவன் வேறு எந்தக் கட்சியில் சேர முடியும்?

கதை பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ரகசியப் போர் விமானம் ஒன்று திருட்டுப் போய், ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரத்தில் ஓர் ஆயுத வியாபாரி கையில் சிக்குகிறது. அவன் விருந்துக்குள் நுழைய ஒரு குத்துச்சண்டை சாம்பியன் தேவைப்படுகிறான். சாம்பியன் கெல்லியாக எடி மர்ஃபி, வாயை மூடவே மாட்டான். உளவாளி அலெக்ஸாக ஓவன் வில்சன், தன் திறமைமேல் தனக்கே சந்தேகம் உள்ள ஆசாமி. கூட வேலை செய்கிறவனுக்குப் புதுச் சாதனமாகக் கொடுக்கும் ஆபீஸ், இவனுக்கு மட்டும் பழைய சாமானைத் தலையில் கட்டுகிறது. அந்த இடத்தில் நம்ம தெருவே கை தட்டியது. ஏன் தட்டினோம் என்று நான் சொன்னால் நாளைக்கு என் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

இப்போது அண்ணன் எடுத்துவிட்ட குறளுக்கு வருகிறேன். ஒற்றாடல் அதிகாரம், 589ஆம் குறள்.

“ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர்
சொற்றொக்க தேறப் படும்.”

ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி வைத்துக்கொள். மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்கிறார் வள்ளுவர். அண்ணன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, ஜோடி சேரவே கூடாது, பேச்சே கூடாது, வேலையை முடித்துவிட்டு வர வேண்டும்” என்றார். அண்ணே, வள்ளுவர் அரசனுக்குச் சொன்னார். சினிமாக்காரனுக்குச் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு ஒற்றர்களை வைத்துப் படம் எடுத்தால், இரண்டு தனிப் படம்தான் எடுக்க முடியும்.

நான் இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்கிறேன். மூன்று பேர். ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர். சனிக்கிழமை படம் முடிந்ததிலிருந்து இன்று மத்தியானம் வரைக்கும் அலைந்து விசாரித்தேன்.

முதல் சாட்சி, சுண்டல் வண்டிக்காரர். அவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர். ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. அதனால்தான் அவரை முதலில் கூப்பிடுகிறேன். படத்துக்குத் தமிழ் டப்பிங் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம்ம காலேஜ் பையன் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைப் படித்து அப்படியே நம்ம பாஷையில் சொன்னான். சண்டைக் காட்சி வந்தபோதெல்லாம் அவன் மைக்கை வைத்துவிட்டு டீ குடித்தான். கைச்சண்டைக்கு மொழியே தேவையில்லை, அதுதான் அதன் பெருமை என்றார் அண்ணன். சரி. மொழி தேவைப்படாத அந்த நேரத்தில் ஜனம் என்ன செய்தது? சுண்டல்காரர் வார்த்தையிலேயே சொல்கிறேன்: “டமால் டுமீல்னு சத்தம் வந்தா வண்டியாண்ட கூட்டம்பா. அந்த ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா ஒரு ஆளும் வர்ல. கை நீட்டினவன்கூட, ‘இரு நைனா, இன்னா சொல்றான்னு கேட்டுட்டு வரேன்’னு திரும்பிப் போய்ட்டான்.”

நடுவர் ஐயா, இதைவிடச் சுத்தமான சாட்சி எங்கே கிடைக்கும்? கைச்சண்டையால் லாபம் அடைந்த ஒரே ஆள் சுண்டல்காரர்தான்.

இரண்டாவது சாட்சி, காசிமேட்டில் மீன் வெட்டும் ஓர் அக்கா. நான் போனபோது வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா, படத்தில் சண்டை எப்படி என்றேன். கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், “காலையில ஏலத்துக்கு வா, நான் காட்டறேன் சண்ட” என்றார். அப்புறம் தானாகவே சிரிக்க ஆரம்பித்தார். அலெக்ஸ் தனக்குப் பிடித்த பெண்ணிடம் பேசத் தெரியாமல் தடுமாற, கெல்லி வேறோர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் காதுக்குள் வசனம் எடுத்துக் கொடுக்கும் காட்சி நினைவிருக்கிறதா? வசனம் என்றுகூடச் சொல்ல முடியாது. மார்வின் கே பாடிய 1982ஆம் வருஷத்துப் பாட்டை வரி வரியாக எடுத்துவிடுகிறான், இவனும் அதை அப்படியே ஒப்பிக்கிறான். அக்காவுக்கு அதுதான் படம். “எங்க வூட்டாளு பொண்ணு பாக்க வந்தப்போ அவுரு அக்கா பின்னாடி ஒக்காந்துக்கினு இப்படித்தான் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தாங்க. இவுரும் அதையே சொல்றாரு. எனக்கு ரெண்டு கொரலும் கேக்குது” என்றார். வாங்க வந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். புடாபெஸ்ட் எங்கே, காசிமேடு எங்கே! குத்தும் உதையும் இவ்வளவு தூரம் வந்து சேருமா?

மூன்றாவது சாட்சி எனக்கே கொஞ்சம் பயம் கொடுத்தவர். நம்ம பக்கத்துப் பாக்ஸிங் மாஸ்டர். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயர் சொல்லி மோதிக்கொண்ட மண் இது. அவர் கைச்சண்டைப் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்துக்கொண்டே போனேன். சாயங்காலம், பையன்களுக்குக் கையில் துணி சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் ஆரம்பித்து, மணிக்கட்டைச் சுற்றி, முட்டிக்கு மேலே இழுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் “டைட்டா? லூஸா?” என்று கேட்கிறார். பையன் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். படத்துச் சண்டையைப் பற்றிக் கேட்டேன். “சினிமா குத்து, விடு” என்றார். பிறகு அவர் சொன்னதை நான் மனப்பாடம் செய்து வந்திருக்கிறேன்.

“மூணு நிமிஷம் குத்து, ஒரு நிமிஷம் ரெஸ்ட்டு. ஜனங்க அந்த மூணு நிமிஷத்தைப் பாக்குதுங்க. நான் இருக்கிறது அந்த ஒரு நிமிஷத்துலதான். மூலையில ஸ்டூல போட்டு ஒக்கார வெச்சி, தண்ணி குடுத்து, காதாண்ட கத்துவேன். அவன் என்னைத் திட்டுவான், நான் அவனைத் திட்டுவேன். ஃபைட்டு மார்றது அந்த ஒரு நிமிஷத்துலதான் தம்பி. அந்தப் படத்துல அந்த ரெண்டு பேரும் பேசிக்கினு இருந்த நேரம் பூரா எனக்கு அந்த ஸ்டூல்தான் தெரிஞ்சுது.”

நான் என்ன சொல்ல? மூவர் சொல் தொக்கது. தேறப்படும்.

அடுத்தது, படம் ஓடவில்லை என்ற குற்றச்சாட்டு. இதை நான் மறுக்கவில்லை. சுமார் 7 கோடி டாலர் போட்டு எடுத்த படம், அமெரிக்கத் தியேட்டர்களில் அதில் பாதியைக்கூட வசூலிக்கவில்லை. “பேசிப் பேசியே படத்தை மூழ்கடித்தார்கள்” என்றார் அண்ணன். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். சனிக்கிழமை நம்ம தெருவில் ஜனம் எப்போது பாயைச் சுருட்ட ஆரம்பித்தது? பேச்சை நிறுத்திவிட்டு விமானத்தின் பின்னால் ஓட ஆரம்பித்த கடைசிப் பகுதியில். அதுவரை இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு இருந்தது சாமான்கள்.

இந்தப் படத்துக்கு மூலம் அதே பெயரில் 1965 முதல் 1968 வரை வந்த டிவி தொடர். 82 பாகங்கள். அதில் கெல்லி டென்னிஸ் ஆட்டக்காரன், அலெக்ஸ் அவனுடைய பயிற்சியாளன். இரண்டுமே உளவுக்குப் போட்ட வேஷம். கெல்லியாக ராபர்ட் கல்ப், அலெக்ஸாக பில் காஸ்பி. வெள்ளையரும் கறுப்பரும் சரிசமமாக நின்று கிண்டல் அடித்துக்கொள்வதை அன்றைய அமெரிக்கா வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. காஸ்பியின் பிற்காலக் கதை கோர்ட் வரை போனது, அதற்குள் இன்று நுழைய வேண்டாம். சிறந்த நடிகருக்கான எம்மி விருதுக்கு மூன்று வருஷமும் இரண்டு பேர் பெயரும் போனது. மூன்று வருஷமும் காஸ்பிக்கே கிடைத்தது. பக்கத்தில் நின்று பேசியவனிடமே மூன்று தடவை தோற்றுவிட்டு, மறுநாள் அவனோடே நின்று பேச வேண்டும். எழுதிக் கொடுத்ததைத் தாண்டி இரண்டு பேரும் சொந்தமாகச் சேர்த்துப் பேசியதுதான் அந்தத் தொடருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. எதிரணி அண்ணன்மார்களே, பேச்சு படத்தை மூழ்கடிக்கும் என்றால் இந்தத் தொடர் 82 பாகம் எப்படி மிதந்தது?

நம்ம ஊர் கணக்கும் இதுதான். 1989இல் கவுண்டமணியும் செந்திலும் இரண்டு வாழைப்பழத்துக்காகப் போட்ட சண்டையைக் கைக்குழந்தைகூடச் சொல்லும். அந்த வருஷம் வந்த ஸ்டண்ட் காட்சி ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். மேடையில் இருக்கிறவர்களும் சொல்லலாம். நடுவர் ஐயாவும் யோசிக்கிறார்.

அடிதடியே நிலைக்கும் என்றால், 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுகத்துக்கு வெளியே நின்று ஜெர்மன் கப்பல் போட்ட குண்டுகளை விடவா? எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஐகோர்ட் மதிலில் கல்வெட்டே இருக்கிறது. தினமும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறோம், எத்தனை பேர் இறங்கிப் படித்தோம்? ஆனால் மூன்று புகைக்கூண்டோடு நாலாவதாகப் பொய்க்கூண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்குவரை ஏமாற்றிய அந்தக் கப்பலின் பெயர் மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை. “சரியான எம்டன்டா அவன்” என்கிறோம். குண்டு கல்லில் நின்றது, குசும்பு வாயில் நின்றது.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு விஷயம், கேரம் போர்டு. ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

2024இல் அமெரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம பக்கத்துப் பெண். அதில் ஒரு தங்கம் இரட்டையர் ஆட்டத்துக்கு. அந்த இரட்டையர் ஆட்டத்தை நான் தெருமுனையில் பன்னிரண்டு வருஷமாக ஆடுகிறேன். ஜோடிக்காரன் பக்கத்தில் உட்கார மாட்டான், எதிரில்தான் உட்காருவான். என் கோட்டுக்குப் பின்னால், என் பக்கக் குழியோரம் ஒரு காய் ஒட்டிக்கொண்டு கிடந்தால் எனக்கு அது எட்டாக் கனி. எதிர்க்கட்டையில் மோதவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பத்தில் எட்டுத் தடவை ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய் ஃபைன்தான். ஆனால் எதிரில் இருக்கிறவனுக்கு அதே காய் லட்டு, விரலால் தட்டினால் போதும். அவனுக்கு எட்டாதது எனக்கு லட்டு. அந்த அலெக்ஸ் கெல்லி கதையும் அதுதான். ஒரே பக்கம் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் ஒரே காய்தான் தெரியும். எதிரெதிரே உட்கார்ந்தால் திட்டிக்கொள்ளாமல் ஆட முடியாது. “ரெட் காயைப் போட்டியே, ஃபாலோ காயை யார் உங்க தாத்தாவா போடுவாரு?” என்று கேட்காத ஜோடியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பன்னிரண்டு வருஷமாக என்னை அப்படிக் கேட்கும் ஆள் யார் தெரியுமா? அதோ, எதிரணித் தலைவர் அண்ணன்தான். இன்றைக்கும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்பு எப்படி வந்தாலும் பந்தலைப் பிரிப்பதற்குள் போர்டில் பவுடர் போட்டுவிடுவோம். அண்ணே, நேற்று ராத்திரி கடைசி போர்டில் நீங்கள் விட்ட ஃபைனைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. வந்துவிடுங்கள். வணக்கம்.